சார்பில்லாத நாணயம்

காலையில் தேநீர் போடுவது எங்கள் வீட்டில் என் வேலை. மனைவிக்கு ஆறு மணிக்கே பணி தொடங்கிவிடும். அவள் தம்பிக்கோ அடுப்பைப் பற்றவைப்பதே ஆகாத காரியம். எனவே தேநீரும், கூடவே அவனுடைய வலிப்பு மாத்திரையும் என் பொறுப்பில் இருந்தன. "எண்ணி வைக்கிற வேலை உங்களுக்குத்தான் சரி" என்று மனைவியே ஒப்படைத்தாள். நானாகக் கேட்டு வாங்கவில்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம், ஆய்வாளர் ஐயா.

என் தொழில் மூளையைக் கணக்காக எழுதுவது. மூளை ஒரு பெரிய வலைப்பின்னல். ஒவ்வொரு முடிச்சும் பக்கத்து முடிச்சுகளைத் தூண்டும். அரங்கில் ஒருவர் கைதட்டினால் நாலு பேர் சேர்ந்துகொள்வார்கள், சில நாள் ஒருவரும் சேரமாட்டார்கள். மொத்த அரங்கும் ஒரே தாளத்தில் தட்டத் தொடங்கினால் அதுதான் வலிப்பு. யார் முதலில் தட்டுவார் என்பது தற்செயல். அந்தத் தற்செயலுக்கும் இடம் கொடுத்து, பதினோரு வருடம் உழைத்து ஒரு சமன்பாடு எழுதினேன். மைத்துனன் தலையில் கம்பித் தொப்பி மாட்டி எடுத்த பதிவுகளும் அதில் அடக்கம். அவன் சிரித்துக்கொண்டேதான் உட்கார்ந்தான்.

வாய் மட்டும் சும்மா இருக்காது. ஒருநாள் சாப்பிடும்போது, "அத்தான், மழை வர அறுபது சதவீதம் வாய்ப்புன்னு சொல்றாங்க. வந்தாலும் அவங்க சொன்னது சரி, வராட்டியும் சரி. உங்க பொழப்பும் அதானே?" என்றான். மனைவி புரையேறும் அளவுக்குச் சிரித்தாள். நானும் சிரித்தேன். எனக்கு அவன்மேல் வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் கேள்வி நியாயமானது. நியாயமான கேள்விக்குப் பதில் சொல்லாமல் விடுவது என் வழக்கமில்லை.

மாத்திரை இல்லாத மூளையைப் பார்க்காமல் பதில் கிடைக்காது. நானே நாள் பார்த்து மாத்திரையை நிறுத்தினால் என் விருப்பு வெறுப்பு அதில் கலந்துவிடும். எங்கள் துறையில் அதைவிடக் கேவலம் கிடையாது. கணினி தரும் தற்செயல் எண்களும் உள்ளுக்குள் ஒரு விதிப்படிதான் வருகின்றன. ஆகவே தேநீர் கொதிக்கும் நேரத்தில் ஒரு நாணயத்தைச் சுண்டினேன். தலை விழுந்தால் உண்மையான மாத்திரை. பூ விழுந்தால் அதே நிறத்தில், அதே அளவில் ஒரு சத்து மாத்திரை. விளையாட்டு வினையாகும் என்பார்கள். நான் விளையாடவே இல்லை. தினமும் குறிப்பேட்டில் எழுதினேன். அவன் உடம்புக்குக் கொஞ்சம் சத்தும் சேர்ந்தது.

ஒன்பது நாளில் ஏழு பூ. பத்தாம் நாளும் மாத்திரை இல்லாவிட்டால் வலிப்பு வர எழுபத்தொரு சதவீத வாய்ப்பு, கொடுத்தால் அதில் பாதிகூட இல்லை என்றது என் கணக்கு. அவன் கட்டடங்களுக்கு வண்ணமடிப்பவன். நாலு வருடமாக வலிப்பே வராததால், மருத்துவர் அனுமதியோடு அவன் மறுபடி சாரத்தில் ஏறப்போகும் முதல் நாளும் அதுதான்.

"பயமா இருக்கு அத்தான். ஏறட்டுமா?"

"டாக்டரே சொல்லிட்டாரே. அப்புறம் என்ன?"

உள்ளங்கையில் மாத்திரையை வைத்தேன். விழுங்கிவிட்டுக் கிளம்பினான். மனைவி தொலைபேசியில், "மாத்திரை குடுத்தீங்களா?" என்று கேட்டாள். "குடுத்தேன்" என்றேன். அதில் பொய்யில்லை.

பதினொன்று இருபதுக்கு மூன்றாம் மாடி உயரத்தில் வலிப்பு வந்து விழுந்தான். எனக்கு அழுகை வந்தது, உண்மையான அழுகை. பிழைத்திருந்தால் என் கணக்கை அவனே ஒப்புக்கொண்டிருப்பான்.

தடுத்திருக்கலாமே என்கிறீர்கள். தடுத்தால் பத்து நாள் தரவும் பாழ். மேலும், முடிவெடுத்தது நானில்லை. நாணயத்துக்கு யார்மீதும் பகை கிடையாது. குறிப்பேட்டைப் புரட்டினால் உங்களுக்கே தெரியும். பத்தாம் நாள் பக்கத்தில் மட்டும் இரண்டு அடித்தல்கள் இருக்கும். அன்று முதலில் தலை விழுந்தது. நாணயம் சரியாகச் சுழலவில்லை என்று பட்டதால் மறுபடி சுண்டினேன். அப்போதும் தலை. மூன்றாவது தடவைதான் சரியாகச் சுழன்றது.