சம்பந்தியம்மா வீட்டு லினக்ஸ் பெட்டி

கையால எழுதிக் குடுங்கன்னு சொன்னீங்க. என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும் தம்பி, அதான் டைப் அடிச்சே தர்றேன். கண்ணாடி பவர் மாறிடுச்சு, அங்கங்க பிழை இருந்தா நீங்களே திருத்திக்கோங்க.

நான் ஒரு ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் ரூம்ல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவ. சர்வர் எல்லாம் வேற கட்டடத்துல குளிர்ல கிடக்கும், நான் இங்க உக்காந்து ஆட்டி வைப்பேன். அதனாலதான் என் பையன் அவன் மாமியார் வீட்டுல லினக்ஸ்ல ஓடற ஒரு சின்னக் கம்ப்யூட்டர் பெட்டி வெச்சப்போ, அதைப் பாத்துக்கற வேலை எனக்கு வந்துச்சு. சம்பந்தியம்மா தனியா இருக்கறவங்க. கையில ஒரு பட்டை கட்டியிருப்பாங்க. அவங்க விழுந்தா பட்டை பெட்டிக்குச் சொல்லும், பெட்டி என் மருமக போனுக்குச் சொல்லும். அவ்வளவுதான்.

மருமக எங்க கூடத்தான் இருக்கா. தங்கமான பொண்ணு. "சாப்பிட்டீங்களா அத்தை? மாத்திரை போட்டீங்களா அத்தை?" ஒரு நாள் தவறாது. ஆனா அவ அம்மாகிட்ட போன்ல பேசறதை நீங்க கேட்டிருக்கணும். "ஏய் கிழவி, இன்னிக்கும் குளிக்கலையா நீ? நாத்தம் இங்க வரைக்கும் அடிக்குது." அந்தப் பக்கம் அவங்க என்னமோ சொல்ல, இவ வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிப்பா. எனக்கு மாத்திரையும் மரியாதையும். சிரிப்பு பூரா அங்க போயிடும்.

எனக்குன்னு ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு. சாயங்காலம் ஆபீஸ்ல இருந்து வந்ததும் என் பக்கத்துல உக்காருவா. "அம்மா பெட்டி ஒழுங்கா ஓடுதான்னு பாருங்க அத்தை"ன்னு என் தோள்ல நாடியை வெச்சுக்குவா. நான் கறுப்புத் திரையைத் திறந்து, அங்க உள்ள போயி, ஒரு நிமிஷத்துல முடியறதை இழுத்து இழுத்துப் பாப்பேன். அவ தலையில ஷாம்பு வாசனை வரும்.

ஒரு நாள் அதுக்கும் வேட்டு வெச்சா.

"எத்தனை நாளைக்கு அத்தை உங்களைத் தொந்தரவு பண்றது? எனக்கே சொல்லிக் குடுங்க. எங்கம்மாவை நானே பாத்துக்கறேன்."

"ரிமோட்ல பேட்டரி மாத்தவே உனக்கு ஆள் வேணும்."

"கிண்டல் பண்ணாதீங்க. மாமியார்கிட்ட படிக்கறேன், ஃபெயில் மட்டும் ஆக்கிடாதீங்க."

சொல்லிக் குடுத்தேன். நல்லாவே சொல்லிக் குடுத்தேன். எல்லா அதிகாரமும் இருக்கற ரூட் பேர்ல நேரா நுழையாதே, உன் பேர்ல நுழைன்னேன். பாஸ்வேர்டுக்குப் பதிலா கம்ப்யூட்டர் சாவி ஜோடி போடக் கத்துக் குடுத்தேன், ஒண்ணு அந்தப் பெட்டியில, ரகசியமானது உன் லேப்டாப்பை விட்டு வெளிய போகக் கூடாதுன்னேன். பாஸ்வேர்டால நுழையற வழியை அடைக்க வெச்சேன். கப்புனு பிடிச்சுக்கிட்டா.

கடைசியா ஃபயர்வால், எது உள்ள வரலாம், எது வெளிய போகலாம்னு பாக்கற காவல்காரன். தூரத்துப் பெட்டிக்கு ஃபயர்வால் போடறப்போ எங்க ஆளுங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. நம்ம நுழையற வாசலையும், பெட்டி வெளிய சேதி அனுப்பற வாசலையும் முதல்ல திறந்து வெச்சுட்டுத்தான் மத்ததைச் சாத்தணும். சாத்தினப்பறமும் பழைய ஜன்னலை, அதான் ஏற்கெனவே பெட்டிக்குள்ள நுழைஞ்சிருக்கற திரையை, மூடக் கூடாது. புது ஜன்னல்ல நுழைய முடியுதான்னு பாத்துட்டுத்தான் மூடணும். ஏன்னா ஏற்கெனவே உள்ள இருக்கறவங்களை ஃபயர்வால் வெளிய தள்ளாது, புதுசா வர்றவங்களைத்தான் தடுக்கும். வரிசை மாறிச்சுன்னா, ஆளில்லாத வீட்டுல உள்தாழ்ப்பாள் விழுந்த கதை.

நான் வரிசையை மாத்திச் சொன்னேன். "முதல்ல எல்லாத்தையும் மூடு, உள்ள வர்றது, வெளிய போறது ரெண்டையும். வேண்டியதை அப்பறம் திறந்துக்கலாம். ஜன்னலையும் மூடிடு."

மூடினா. திரும்ப நுழைஞ்சு பாத்தா, முடியலை.

"என்னத்தை, உள்ளயே விட மாட்டேங்குது?"

"புது சாவி படியக் கொஞ்ச நேரம் ஆகும்மா. நாளைக்குப் பாரு."

அப்படி ஒண்ணும் கிடையாது. அவளுக்கு அது தெரியாது. ஒரு தடவை தோத்துட்டு, "நீங்களே பாருங்க அத்தை"ன்னு திரும்பி வரட்டும்னு நினைச்சேன். சத்தியமா அதுக்கு மேல அன்னிக்கு நினைக்கலை. என் கம்ப்யூட்டர்ல அந்தப் பெட்டிக்குள்ள போற என் ஜன்னல் முன்னாடியே திறந்திருந்துச்சு. அதை நான் மூடலை.

மறுநாள் அவ ஆபீஸ் போனப்பறம் துணி மடிச்சுக்கிட்டு இருந்தேன். அந்த ஜன்னல்ல ஒரு வரி ஓடுச்சு. விழுந்துட்டாங்க. அடுத்த வரி, மகளுக்குச் சேதி போகலை, மறுபடி முயற்சி. திரும்பத் திரும்ப அதே. நடுவுல நடுவுல, அசைவு இருக்குன்னு வரும்.

ஃபயர்வாலை நிறுத்த ஒரே ஒரு வரி போதும். எனக்கு அது தூக்கத்துலயும் வரும். கை கீபோர்டு வரைக்கும் போச்சு. அப்போ மருமக சிரிப்பு ஞாபகம் வந்துச்சு. சேதி போனா ஓடுவா, கிழவியைத் தூக்கி இங்கயே கொண்டு வந்து, என் பக்கத்து ரூம்லயே படுக்க வெச்சுப்பா. சிரிப்பு இனிமே சுவருக்கு அந்தப் பக்கத்துல இருந்து கேக்கும். போனும் பக்கத்துலதான் இருந்துச்சு. நான் துணி மடிச்சேன். தலையணை உறை, துண்டு, அப்பறம் அவளோட சுடிதார். எல்லாம் மடிச்சு முடிச்சப்போ, அசைவு இல்லைன்னு வந்துச்சு.

சாயங்காலம் அம்மா போன் எடுக்கலைன்னு மருமக ஓடிப் போய்ப் பாத்தா. சீக்கிரம் பாத்திருந்தா பிழைச்சிருப்பாங்கன்னு டாக்டர் சொன்னார். மருமக சுவத்துல தலையை முட்டிக்கிட்டா. "நான்தான் பூட்டினேன், எங்கம்மாவை நானே பூட்டிட்டேன்"னு. நான் அவ தலையை மடியில வெச்சுக்கிட்டேன். "உனக்குத் தெரியாம நடந்ததும்மா"ன்னு சொன்னேன். அதுல பொய் இல்லையே. அன்னியிலிருந்து என் மடியிலதான் தூங்கறா. போன வாரம் தூக்கத்துல, "நீ எங்கயும் போயிடாதம்மா"ன்னா. என்னைத்தான்.

அந்தப் பெட்டியில ஒரு இணைப்பு நாள் பூரா திறந்திருந்துச்சு, அது யாரோடதுன்னு ஸ்டேஷன்ல கேட்டீங்க. என்னோடது. நான் மறைக்கலை பாருங்க. வரிசையை மாத்திச் சொன்னதும் நான்தான், பாத்துக்கிட்டே இருந்ததும் நான்தான். கையெழுத்து எங்க போடணுமோ காட்டுங்க, போடறேன்.

அவகிட்ட மட்டும் சொல்ல வேண்டாம் தம்பி. ஒரே வருஷத்துல ரெண்டு அம்மாவை இழக்கற அளவுக்கு அந்தப் பொண்ணு என்ன பாவம் பண்ணுச்சு?