இரண்டு கேமராக்களுக்கு நடுவே ஐந்து நிமிடம்

விரைவுச் சாலைக் காவல் நிலையம். சலவை நிறுவன வேனில் பயணம் செய்த ஓட்டுநர் இறந்தது தொடர்பான விசாரணை. சாட்சி தானாக நிலையத்துக்கு வந்து கொடுத்த இரண்டாவது வாக்குமூலம்.

பெயர்: தனித்தாளில் உள்ளபடி. வயது: 47. தொழில்: வேன் ஓட்டுநர். முகவரி: சலவை நிறுவனத்துக்குப் பின்புறமுள்ள தொழிலாளர் குடியிருப்பு, மூன்றாம் மாடி, படிக்கட்டை ஒட்டிய வீடு.

நான் மேற்படி முகவரியில் என் மனைவியுடனும் இரண்டு பெண் பிள்ளைகளுடனும் குடியிருந்து வருகிறேன். மேற்படி சலவை நிறுவனத்தில் பத்தொன்பது வருடங்களாக வேன் ஓட்டுகிறேன். மருத்துவமனைகளிலிருந்து அழுக்கு விரிப்பு, போர்வை ஆகியவற்றை ஏற்றி வந்து, வெளுத்து மடித்தவற்றைத் திரும்பக் கொண்டுபோய் இறக்குவது என் வேலை. இந்தச் சம்பவம் பற்றிச் சென்ற மாதம் இதே நிலையத்தில் ஒரு வாக்குமூலம் கொடுத்தேன். அதில் ஒரு பொய் இருக்கிறது. அதை எடுக்க வந்திருக்கிறேன். யாரும் என்னை மிரட்டி அனுப்பவில்லை. ஒருவர் வந்து கேள்வி கேட்டார், அவ்வளவுதான். அதைப் பிறகு சொல்கிறேன்.

இறந்தவர் என்னோடு வேலை பார்த்த ஓட்டுநர், வயது 51. அவரை நாங்கள் எல்லோரும் மீட்டர் அண்ணன் என்று கூப்பிடுவோம். வேகம், தூரம், நேரம் மூன்றில் இரண்டைச் சொன்னால் மூன்றாவதை வாயைத் திறந்து மூடுவதற்குள் சொல்லிவிடுவார். அவருடைய மனைவி வீட்டில் தையல் வேலை செய்கிறார். அவரை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். என் மூத்த மகளுக்கு முதல் பாடப் பையைத் தைத்துக் கொடுத்ததும் அண்ணிதான்.

ஓட்டுநர்கள் ஏன் அந்த இடத்தில் நிற்கிறார்கள் என்று ஆய்வாளர் கேட்டதால் கேமரா விஷயத்தையும் சொல்கிறேன். முன்பு இந்தச் சாலையில் ஒற்றைக் கேமராதான் இருந்தது. அதைக் கண்டதும் பிரேக்கை மிதிப்போம், தாண்டியதும் பழையபடி பறப்போம். மூன்று வருடங்களுக்கு முன் இரட்டைக் கேமரா வைத்தார்கள். முதல் கேமரா நாம் உள்ளே வந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளும், இருபது கிலோமீட்டர் தள்ளி இரண்டாவது கேமரா வெளியே போகும் நேரத்தைக் குறித்துக்கொள்ளும். நடுவில் என்ன செய்தோம் என்று அது கேட்பதில்லை. வேன்களுக்கு வேக வரம்பு எண்பது. எண்பதில் போனால் இருபது கிலோமீட்டருக்குச் சரியாகப் பதினைந்து நிமிடம். அதற்குக் குறைவாக வந்தால் குற்றம். ஒரே வருடத்தில் மூன்று குற்றம் சேர்ந்தால் லைசென்ஸ் ஒரு வருடத்துக்குப் போய்விடும்.

அந்தக் கேமராவைத் திட்டாத ஓட்டுநர் கிடையாது. வண்டி ஓட்டத் தெரியாதவன் கண்டுபிடித்தது என்பார்கள். நானும் கூடச் சேர்ந்து திட்டியிருக்கிறேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அதன் மேல் கோபம் இல்லை. அது வந்த பிறகுதான் பின்னாலிருந்து விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்து உயிரை எடுப்பவர்கள் குறைந்தார்கள். வீட்டுக்குப் போனால் தலைவலி இல்லாமல் பிள்ளைகளோடு பேச முடிந்தது. ஆனால் எங்கள் புத்தி எங்களை விடுமா? இரண்டாவது கேமராவுக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால் வண்டிகள் ஒதுங்கி நிற்க ஓர் இடம் விட்டிருக்கிறார்கள். வேகமாக வந்தவர்கள் அங்கே நின்று, மிச்சம் பிடித்த நேரத்தைக் கரைத்துவிட்டு, நல்ல பிள்ளைகளாகக் கேமராவைத் தாண்டுவார்கள். அந்த இடத்துக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் பரிகாரம். 'பரிகாரத்துல நாலு நிமிஷம் நின்னுட்டு வந்தேன்' என்று சர்வ சாதாரணமாகப் பேசிக்கொள்வோம். எத்தனை நிமிடம் நிற்க வேண்டும் என்று சந்தேகம் வந்தால் மீட்டர் அண்ணனுக்குத்தான் போன் போடுவார்கள்.

சம்பவ நாள் செவ்வாய்க்கிழமை. மீட்டர் அண்ணனின் வேன் பழுது பார்க்கப் போயிருந்ததால் அவர் என் வண்டியில் பக்கத்து இருக்கையில் வந்தார். காலை பத்தேகாலுக்குத் துணி ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். பெரிய மருத்துவமனையில் இறக்க வேண்டும். பத்தரை மணி சுமாருக்கு அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டார். நான் சன்னலை இறக்கினேன். அதன் பிறகு அவருக்கு நெற்றியெல்லாம் வியர்த்தது. "நெஞ்சு மேல யாரோ துணி மூட்டையை எறக்கி வச்ச மாதிரி இருக்குடா" என்றார். ஆம்புலன்ஸ் வந்தாலும் நாங்கள் போய்க்கொண்டிருந்த அதே மருத்துவமனையிலிருந்துதான் வர வேண்டும் என்பதால் நானே கொண்டுபோவது என்று முடிவு செய்தேன். அண்ணிக்குப் போன் செய்து, பயப்பட வேண்டாம், நேராக மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள், இருபது நிமிடத்தில் சேர்ந்துவிடுவோம் என்று சொன்னேன். அதன் பிறகு முதல் கேமராவைத் தாண்டினேன். அப்போது மணி பத்து நாற்பத்திரண்டு என்று பதிவில் இருப்பதாக ஆய்வாளர் காட்டினார். அது சரி.

தாண்டியதும் நூற்றிருபதில் ஓட்டினேன். அந்த வேன் அவ்வளவு வேகம் போகும் என்று அன்றுதான் எனக்கே தெரியும். வழியில் ஓர் இடத்தில் சாலை ஓர வேலை நடந்துகொண்டிருந்தது. கொடி பிடித்துக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தார். நான் வேகத்தைக் குறைக்கவில்லை. வேனுக்குள் பின்னால் கட்டி வைத்திருந்த துணித் தள்ளுவண்டிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்ட சத்தம் கேட்டது.

பதினெட்டாவது கிலோமீட்டர் நெருங்கும்போது மீட்டர் அண்ணன் என் கையைத் தொட்டார். "வலி கொறஞ்சிருக்கு. பரிகாரத்துல ஒதுக்கு" என்றார். சும்மா வாங்கண்ணே என்றேன். "உனக்கு இது மூணாவதுடா. ரெண்டு பொண்ணுங்கள வச்சிக்கிட்டு ஒரு வருஷம் வீட்ல உக்காருவியா? அஞ்சு நிமிஷம் போதும். நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றார். அது வாஸ்தவம். அந்த வருடத்தில் ஏற்கெனவே எண்பத்தி நாலு ஒருமுறை, எண்பத்தாறு ஒருமுறை என்று எனக்கு இரண்டு குற்றம் பதிவாகியிருந்தது. நான் வண்டியை ஒதுக்கி நிறுத்தினேன்.

அவர் சொன்னதால் நிறுத்தினேன் என்று எழுதினால் அது பாதிதான் உண்மை. அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு மனதுக்குள் நிம்மதியாக இருந்தது. அது மீதிப் பாதி. இரண்டையும் எழுதிக்கொள்ளும்படி ஆய்வாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

அங்கே எங்களுக்கு முன்னால் ஒரு லாரியும் ஒரு காரும் நின்றிருந்தன. லாரிக்காரர் முகம் கழுவிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துக் கையைத் தூக்கினார், நானும் தூக்கினேன். மீட்டர் அண்ணனுக்குத் தண்ணீர் கொடுத்தேன். அரை வாய் குடித்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "கேமராக்காரன் நம்மள ரொம்ப ஒழுக்கமானவனுங்கன்னு நெனச்சுக்குவான்" என்றார். நான் சிரித்தேன். இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு உடம்பு கூசுகிறது. மூன்று நிமிடம் ஆனதும் போகலாம் அண்ணே என்றேன். "இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு. இப்பக் கெளம்பினா நின்னதே வீணாயிடும்" என்றார். அதன் பிறகு தலையை இருக்கையில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். ஓய்வெடுக்கிறார் என்று நினைத்தேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

ஐந்து நிமிடம் ஆனதும் வண்டியை எடுத்தேன். மீதி இரண்டு கிலோமீட்டரை எண்பதில் ஓட்டி இரண்டாவது கேமராவைத் தாண்டினேன். தாண்டியதும் "தாண்டியாச்சுண்ணே" என்றேன். பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தபோது அவர் உதடு நீலமாக இருந்தது. அதன் பிறகு எந்த வேகத்தில் போனேன் என்று எனக்கு நினைவில்லை. பதினொன்று ஐந்துக்கு மருத்துவமனை அவசரப் பிரிவு வாசலில் நிறுத்தினேன். அங்கே எல்லோருக்கும் எங்களைத் தெரியும் என்பதால் நான்கு பேர் ஓடி வந்தார்கள். அவரைக் கிடத்திய படுக்கையின் விரிப்பில் பச்சை நூல் ஓரம் இருந்தது. பச்சை நூல் என்றால் திங்கட்கிழமைத் துணி. முந்தைய நாள் அவர் கொண்டுவந்து இறக்கியது. பதினொன்று இருபதுக்கு டாக்டர் வெளியே வந்து சொன்னார். ஐந்து நிமிடம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று நான் அவரைத் தனியாகக் கேட்டேன். பிழைத்திருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம் என்றார். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்று எனக்கு இதுவரை தெரியவில்லை.

அண்ணி எங்களுக்கு முன்பே வந்து நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "இருபது நிமிஷம்னு சொன்னீங்களே, ஏன் இவ்ளோ நேரம்?" என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. ரோடு வேலை அண்ணி, சிவப்புக் கொடியைக் காட்டி அஞ்சு நிமிஷம் நிறுத்திட்டாங்க என்று சொல்லிவிட்டேன். என் லைசென்ஸுக்காக அவருடைய கணவர் கடைசி ஐந்து நிமிடத்தைச் செலவழித்தார் என்று அந்த முகத்தைப் பார்த்து எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. மறுநாள் இந்த நிலையத்திலும் அதையே சொன்னேன். ஒருமுறை சொன்ன பொய்யை மாற்றிச் சொல்வதற்கு எனக்குத் துணிச்சல் போதவில்லை.

அதன் பிறகு அண்ணி, என் வார்த்தையை நம்பி, சாலைப் பராமரிப்பு ஒப்பந்ததாரரிடம் புகார் கொடுத்திருக்கிறார். அவர்கள் கொடி பிடித்த பெண்ணை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். இது எனக்கு முந்தாநாள் வரை தெரியாது.

முந்தாநாள் பகல் பன்னிரண்டு மணிக்கு நான் துணி ஏற்றிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் எங்கள் நிறுவன வளாகத்துக்கு வந்தார். நாற்பது வயது இருக்கும். வேலையில் போடும் ஆரஞ்சுச் சட்டையை மடித்துப் பையில் வைத்திருந்தார். வேனைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "இந்த வண்டிதான். இது என்னைத் தாண்டுன வேகத்துல கொடி கையை விட்டுப் போயி பள்ளத்துல விழுந்துச்சு. நான் எறங்கித்தான் எடுத்தேன். நான் உங்கள நிறுத்துனேன்னு சொன்னீங்களாமே, எந்த எடத்துலன்னு மட்டும் சொல்லுங்க, நான் போயிடறேன்" என்றார். அவர் அழவில்லை, சத்தம் போடவும் இல்லை. என் பதிலுக்காக நின்றார். ரெண்டு நாள் குடுங்கம்மா என்று மட்டும் சொன்னேன். "ரெண்டு நாள்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஆகவே அந்தப் பெண் எங்களை நிறுத்தவில்லை என்பதையும், அவர் மேல் எந்தத் தவறும் இல்லை என்பதையும், அவருக்கு வேலை போனதற்கு நான் ஒருவனே காரணம் என்பதையும் இதன் மூலம் தெரிவித்துக்கொள்கிறேன். இதன் நகல் ஒன்றை ஒப்பந்ததாரருக்கு அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். என் லைசென்ஸையும் ஆய்வாளர் முன் வைத்தேன். கேமராப் பதிவின்படி நான் இருபது கிலோமீட்டரைப் பதினைந்தரை நிமிடத்தில் கடந்திருக்கிறேன், சராசரி வேகம் எழுபத்தேழு, குற்றம் எதுவும் இல்லை, எனவே அதை வாங்கிக்கொள்ள வழியில்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

அண்ணிக்கு இது தெரியுமா என்று ஆய்வாளர் கேட்டார். தெரியும். காவல் நிலையத்திலிருந்து தெரிய வரக் கூடாது என்று இன்று காலை நானே போய்ச் சொன்னேன். அண்ணி தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தார். நான் ஆரம்பித்ததும் மெஷினை மிதிப்பதை நிறுத்தினார். முடிக்கும் வரை துணியிலிருந்து கையை எடுக்கவில்லை. "அவரே சொன்னாரா?" என்று கேட்டார். அவருதான் சொன்னாரு அண்ணி, நிறுத்தினது நான் என்றேன். அதன் பிறகு, "மொதல்ல அந்தப் பொண்ணு வேலைய வாங்கிக் குடுங்க. நான் வேற போய்ப் புகார் குடுத்துட்டேன், பாவம்" என்றார்.

நான் எழுந்து கதவு வரை வந்தபோது கூப்பிட்டு, லைசென்ஸ் தப்பித்ததா என்று கேட்டார். தப்பிச்சுது அண்ணி என்றேன். கேமராவில் எத்தனை நிமிடம் காட்டியது என்று கேட்டார். சென்ற மாதமே ஆய்வாளர் பதிவைக் காட்டியிருந்ததால், பதினஞ்சரை என்றேன். இருபத்தாறு வருடம் மீட்டர் அண்ணனோடு வாழ்ந்தவர். அவருக்கு விரல் விட்டு எண்ண வேண்டியிருக்கவில்லை. "அப்ப அர நிமிஷம் கூடவே நின்னிருக்கீங்க" என்றார். அதன் பிறகு அவர் மெஷினை மிதிக்கத் தொடங்கினார். நான் அங்கிருந்து நேராக இங்கே வந்தேன்.

மேலே உள்ளவை நான் சொல்லச் சொல்ல எழுதி, எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. கூட்டவும் குறைக்கவும் எதுவும் இல்லை. முதல் வாக்குமூலத்தில் சிவப்புக் கொடி பற்றி வரும் மூன்று வரிகள் பொய், இதில் உள்ளவை அனைத்தும் உண்மை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
வேன் ஓட்டுநர்

என் முன்பாகப் பதிவு செய்யப்பட்டது.
(ஒப்பம்)
ஆய்வாளர், விரைவுச் சாலைக் காவல் நிலையம்