காத்திருப்போர் பட்டியல்

இக்காஸ்ட் நிலையத்தில் ரயில் ஏறிய இரண்டு தமிழ்ப் பெண்கள் எனக்கு எதிரே அமர்ந்தார்கள். இளையவர் எடுத்த எடுப்பிலேயே சொன்னார்:

"அக்கா, உங்கட மகளுக்கு ஓடென்ச யூனிவர்சிற்றியிலை மெடிசின் படிக்க இடம் கிடைச்சதெண்டு கேட்டு நான் அழுதனான். சந்தோசத்திலை இல்லை."

"தெரியும். ஃபோனிலை உன்ரை குரலே சொல்லிச்சுது."

"என்ரை பிள்ளை சின்னனிலையிருந்து டொக்டர் எண்டு சொன்னவள். இப்ப அங்கை காத்திருப்போர் பட்டியலிலை நிக்கிறாள். உங்கடயவள் இவளுக்குத் துணைக்கெண்டுதானே விண்ணப்பிச்சவள்!"

மூத்தவர் கைப்பையின் வாரை விரலில் சுற்றினார். "அவள் போகமாட்டன் எண்டு நிக்கிறாள். கட்டடக்கலைதான் படிப்பாளாம்."

"அப்ப அந்த இடம் என்ரை மகளுக்கு வருமோ?" கேட்டுவிட்டு இளையவர் வாயைப் பொத்திக்கொண்டார். "குறை நினையாதேங்கோ அக்கா."

"வரலாம். உன்ரை மகளுக்குப் போயிடுமெண்டுதான் எனக்கும் முதலிலை மனசிலை வந்தது. அதாலைதான் மெடிசினுக்கே போ எண்டு அவளோடை மூண்டு நாளாச் சண்டை பிடிக்கிறன்."

ஹேர்னிங்கில் இறங்க எழுந்தபோதுதான் இளையவர் கேட்டார்:

"உங்கடயவள் பதில் குடுக்க எப்ப கடைசி நாள்?"

"நாளைக்கு."