எலும்புப் பிடி

இல்ல மாப்ள, ஜெர்லின் குளிக்கிறா. கட்டு இன்னும் பிரிக்கல, ஒத்தக் கையால குளிக்கிறவளுக்கு செத்த நேரம் ஆவும்தானே. கூட்டிக்கினு போகத்தானே வந்திருக்கீங்க, கூட்டிக்கினு போங்க, யாரு வேணான்னா. அந்த ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காருங்க. கேட்டுல சத்தமா? உங்க மச்சான் லூர்துபிரகாஷா இருக்கும். நான்தான் பூட்டி வெக்கச் சொல்லியிருக்கேன். இங்க எலும்பு வெந்தா போதும், இந்த சாரம் ஏரியா நாய் பூரா வாசல்ல வந்து நின்னுடுது.

வாடை கொமட்டுதா? நீங்க மேட்டுப்பாளையம் கம்பெனில ஏசில உக்காந்து வேலை பாக்கறவரு. எனக்கு இதான் சோறு. கறிக்கடைக் கத்திக்கு மரப்பிடி போட்டா ரத்தத்துல ஊறி அழுவிப் போவும். நான் போட்டுக் குடுக்கிற எலும்புப் பிடி, கத்தி தேஞ்சாலும் தேயாது. உங்க மாமனாரு போனதுலேர்ந்து நான் தனியாவே பாக்கறேன்.

பண்றது எப்படியா? சொல்றேன். மாட்டு நல்லி எலும்பு, பச்சையா வேணும். மொதல்ல மேல ஒட்டிக்கினு இருக்கிற சவ்வ உரிக்கணும். கத்தி மொனையக் குடுத்து இழுத்தா பர்ருன்னு வந்துடும். ரெண்டு பக்கமும் மூட்ட அறுத்துத் தள்ளிட்டு, உள்ள இருக்கிற கொழுப்ப கம்பி விட்டுக் கொடைஞ்சி எடுக்கணும். துளி தங்கினாலும் நாறும். அப்புறம் சோப்புத்தண்ணில வேக வெக்கணும், தளதளன்னு கொதிக்க விடக்கூடாது, சுண்ணாம்பாட்டம் உதிர்ந்துடும். வெயில்ல காய வெச்சா வெடிச்சிடும். நெழல்லதான், பத்து பதினஞ்சு நாள். எலும்புக்கு அவசரம் ஆவாது மாப்ள. கோவம் ஆவவே ஆவாது.

இந்தாங்க, இந்தத் துண்ட கைல பிடிச்சிப் பாருங்க.

இது மாடு இல்ல, ஆடு. முன்னங்கால். பொளந்திருக்கிற தினுசப் பாருங்க. ஜெர்லின் மாடிப்படில வழுக்கி விழுந்துட்டான்னு சம்மந்தியம்மா போன் பண்ணாங்க. ஆஸ்பத்திரில நீங்களும் அதையேதான் சொன்னீங்க, என் தோள்ல சாஞ்சி அழுதீங்க. நானும் நம்புனேன். எக்ஸ்ரேவ டாக்டரம்மா வெளிச்சத்துல தூக்கிக் காட்ற வரைக்கும் நம்புனேன். மேல்கை எலும்புல அந்தக் கோடு சுத்திக்கினு எறங்குது மாப்ள, பந்தக்கால்ல மல்லிக்கொடி சுத்துனாப்புல. முப்பது வருசமா எலும்பு ஒடைக்கிறவகிட்டயா படில விழுந்தான்னு சொல்வீங்க?

அன்னிக்கே கடைக்குப் போயி பச்ச ஆட்டெலும்பு ஆறு வாங்கியாந்தேன். மூணத் தரைல போட்டு சுத்தியால அடிச்சேன். குறுக்கால போச்சி, சில்லு சில்லா போச்சி. மீதி மூண இந்த வைஸ்ல இறுக்கி, பைப் ஸ்பேனரப் போட்டு முறுக்குனேன். மொதல்ல ஒண்ணும் ஆவல. இன்னும் முறுக்குனேன். உள்ளுக்குள்ளேர்ந்து ஒரு சத்தம் வந்திச்சி பாருங்க, ஈரக் கொம்ப முறிக்கிறாப்புல. மூணும் சுத்திக்கினு பொளந்திச்சி. அதே கோடு. செத்த ஆட்டெலும்பு சத்தத்துக்கே நான் ஒவ்வொரு தடவையும் ஸ்பேனர விட்டுட்டேன். நீங்க பக்கத்துல நின்னு கேட்டிருக்கீங்க. அவ கத்துனதயும் கேட்டிருக்கீங்க. கேட்டுட்டும் விடலியே.

உக்காருங்க. நான் இன்னும் முடிக்கல.

டாக்டரம்மாவக் கேட்டேன். விழுந்தாலும் எப்பவாச்சும் இப்படி ஆவலாம், பொண்ணையே கேளுங்கன்னாங்க. கேட்டேன். மூணு நாளும் படிலதான் விழுந்தேன்னா. நாலாம் நாளு, இதோ நீங்க வெச்சிருக்கீங்களே, அந்தத் துண்ட அவ மடில வெச்சேன். பாத்துட்டு எல்லாத்தையும் சொல்லிட்டா. செல்போன் லாக் பேட்டர்ன் சொல்லலன்னு அவ கைய முதுகுக்குப் பின்னால வெச்சித் திருவியிருக்கீங்க. சம்மந்தியம்மா டிவி சத்தத்தக் கூட்டி வெச்சாங்களாம்.

இந்தக் கத்தியப் பாருங்க. ஒம்போது இஞ்சு, லாரி ஸ்பிரிங் பட்டைல அடிச்சது. பிடி எவ்ளோ வழவழன்னு இருக்கு பாருங்க, பித்தள ஆணி மூணும் கைக்கே தெரியாது. இது எந்தக் கடைக்கும் இல்ல, உங்களுக்குன்னே பண்ணேன். இங்க, விலா முடியற எடத்துக்குக் கீழ, எலும்பு தடுக்காத எடமாப் பாத்து எறக்கணும்னு நெனச்சேன். நீ எப்படியும் அவளத் தேடி வருவ, இதே ஸ்டூல்ல வெச்சி உன் கொடல சரிக்கணும்னு தேய்ச்சேன்டா. தேய்க்கத் தேய்க்க பிடிதான் வழவழன்னு ஆச்சி. என் கோவம் ஆறல. இப்பவும் ஆறல.

ஜெர்லின் பாத்துட்டா. கத்திய வாங்கி பிடியத் தடவிப் பாத்தா. நல்லா வந்திருக்கும்மா, ஆனா நீ ஜெயிலுக்குப் போயிட்டா எனக்கு யாரு இருக்கான்னா. அவரு வந்தா பின்பக்கம் கூட்டியாந்து எலும்பப் பத்திப் பேசு, அதுதான் ஒனக்கு நிறுத்தாமப் பேச வரும்னா.

அதான் பேசிக்கினு இருக்கேன். பாத்ரூமப் பாக்காதீங்க, கொழாய சும்மா தொறந்து வுட்டிருக்கு. கேட்டப் பூட்டுனது உங்க மச்சான் இல்ல மாப்ள, அவன் காலைலயே வேலைக்குப் போயிட்டான். ஜெர்லின்தான் பூட்டுனா. எக்ஸ்ரேவ எடுத்துக்கினு லேடீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருக்கா. சாவியும் அவகிட்டதான் இருக்கு. போலீசோட வந்து அவளே தொறப்பா, ஒத்தக் கையால.