கரடின்னு சொன்ன கம்பம்

"...கரடியாமுங்க! எங்க ஊட்டுக்காரரப் போயி கரடின்னு சொல்லிப்போட்டுதுங்க!"

வால்பாறையிலிருந்து கோயமுத்தூர் போகும் பஸ் இன்னும் முதல் வளைவுகூட இறங்கவில்லை. பக்கத்து சீட்டுப் பெண் டிக்கெட் வாங்கி முடிப்பதற்குள் ஷைலா ஆரம்பித்துவிட்டாள்.

"எங்க எஸ்டேட் லைன் ஊடுகளுக்கு நடுவுல ஒரு கம்பம் நட்டு கேமரா, மைக்கு, ஸ்பீக்கரு எல்லாம் மாட்டியிருக்காங்க அம்மணி. மிருகம் வந்தா கத்துமாமா. இதுவரைக்கும் பாக்காதது, கேக்காதது வந்தாக்கூட இன்னதுன்னு கண்டுபுடிச்சுருமாமா! எப்புடீங்கறீங்களா? கரடின்னா கருப்பா இருக்கும், உறுமும்னு எழுத்துல படிச்சு வெச்சிருக்குமாமா. அத வெச்சு, பாக்கறதையும் கேக்கறதையும் ஒத்துப் பாத்துக்குமாமா. ரித்திகான்னு ஒரு இன்ஜினியர் புள்ள வந்து சொல்லுச்சு. அட, எங்க மாமியாகூடத்தான் ஒண்ணையும் பாக்காமயே எல்லாத்துக்கும் பேரு வெச்சாங்க. அவிங்களுக்கு யாரு கம்பம் நட்டாங்க?

ஞாயித்துக்கெழம பூசைக்குப் போயிட்டு வந்து, ஊட்டுக்குப் பின்னால கட்டில்ல படுத்திருந்தாரு எங்க ஊட்டுக்காரரு பிராங்க். திடீர்னு மூச்சு முட்டி, உர்ர்ரு உர்ர்ருன்னு இழுத்திருக்குது. உடனே கம்பம், 'கரடி! வெளியே வராதீர்கள்!'னு... செந்தமிழ் வேற! லைன் பூராக் கதவச் சாத்திப்போட்டாங்க. நானுந்தான் தாப்பாப் போட்டேன். கதவப் பிராண்டுற சத்தம் கேட்டுது. அரிசி மூட்டைய இழுத்து முட்டுக் குடுத்தேன்னா பாத்துக்கங்க.

அப்பறம் பக்கத்து ஊட்டு பங்காரம்மா ஜன்னல்ல எட்டிப் பாத்து, 'அடியே, கரடி லுங்கி கட்டியிருக்குதுடி!'ன்னு கத்துனா. இப்ப நல்லாத்தான் இருக்காருங்க. கோயமுத்தூர் ஆஸ்பத்திரில, மூஞ்சில மாஸ்க்கோட. அதக் கழட்டுனா மொதல்ல என்ன கேப்பாரோ!"

அந்தப் பெண் என்னவோ கேட்டாள். ஷைலா ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"கேமரா பாக்கலியான்னா... எப்புடிங்க பாக்கும்? நான் கோயில் பாட்டுப் பாடிப் பழகுனா, அது 'காட்டுப்பன்றியாக இருக்கலாம்'னு ஊருக்கே சொல்லுச்சு. அந்தக் கடுப்புல தொரட்டிக் கொம்பால ஒரு பழைய பாவாடையத் தூக்கி கேமரா மேல போட்டுட்டேன். 'கண்ணும் காதும் ரெண்டும் இருந்திருந்தா, மூச்சுத் திணறற ஆளுன்னு தானாவே கண்டுபுடிச்சிருக்கும்க்கா'ன்னு ரித்திகா சொல்லுது. யாருமே சொல்லித் தராட்டியும் கண்டுபுடிச்சிருக்குமாமா."

ஷைலாவின் குரல் இறங்கியது.

"கதவுகிட்ட வந்து, 'ஷைலா, ஷைலா'ன்னு கூப்புட்டிருக்காருங்க. பங்காரம்மாவுக்குக் கேட்டிருக்குது. கம்பத்தோட கண்ணத்தான் நான் கட்டுனேன். என்ற காதுக்கு என்ன வந்துச்சுன்னு அவரு கேட்டா..."

ஆழியாறில் பஸ் நின்றது. அந்தப் பெண் பையை எடுத்துக்கொண்டு முன் சீட்டுக்குப் போய்விட்டாள்.