மொத்த ஆபீஸிலும் ஒரே ஃபெயில்

"மாற்றுத்திறனாளிகளைப் புரிஞ்சுக்கிறது எப்படின்னு ஆபீஸ்ல ஒரு ஆன்லைன் பாடம் வச்சாங்க. மொத்த ஆபீஸ்லயும் நான் மட்டும்தான் ஃபெயில்."

திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் போகும் டவுன் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்த அம்மாள்தான் இதைச் சொன்னார். மடியில் மடக்கிய வெள்ளைக்கோல். பக்கத்தில் அவரோடு வேலை பார்க்கும் ஓர் இளம்பெண்.

"என்னக்கா, படத்தை இழுத்துக் கட்டத்துல போடறதுதானே?"

"எந்தப் படத்தை? எனக்கு வாசிச்சுக் காட்டுற சாஃப்ட்வேர் 'படம், படம், படம்'னு மட்டும்தான் சொல்லுச்சு. மவுஸ் இல்லாம, கீபோர்டை மட்டும் வச்சு இழுக்கவும் முடியல."

"அதை முடிக்காட்டி பிரமோஷன் கிடையாதாமே?"

"கிடையாதுதான்."

காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தது.

"நாளைக்கு உங்க சீட்டுக்கு வந்து நானே போட்டு முடிச்சிடறேங்க்கா."

"லீவு போடற சாஃப்ட்வேர்லயும் அப்படித்தான் நீ எனக்காகப் போட்டுக் கொடுத்தே. என் லீவு பதிவானதைப் பார்த்துட்டு, எல்லாராலயும் பயன்படுத்த முடியுதுன்னு ஆபீஸ்ல எழுதிட்டாங்க. இன்னிக்கு வரைக்கும் அதைச் சரி பண்ணல."

அம்மாள் மடியிலிருந்த கோலை எடுத்து விரித்தார்.

"வேண்டாம்மா. நான் பாஸாயிட்டா அந்தப் பாடமும் பாஸாயிடும்."