தொண்ணூற்றாறு முள்ளெலும்புகள்

அந்தச் சனிக்கிழமை எங்கள் கல்லூரியின் விலங்கியல் அருங்காட்சியகத்தில் நான்கு பேர் இருந்தோம். கௌரவக் காப்பாளன் சேஷகிரியாகிய நான், பேராசிரியர் கோதண்டராமன், அட்டெண்டர் ரங்கா, ஆராய்ச்சி மாணவி ஜெயலக்ஷ்மி. காபி நன்றாக இருந்தது. சிக்கரி குறைவு.

என் தகப்பனார் மைசூர் சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்த்தவர். 1936இல் காவிரியில் பிடிபட்ட ஒரு விலாங்கைப் பக்கவாட்டில் கீறி, முள்ளெலும்புகளை எண்ணினார். தொண்ணூற்றாறு. சாதாரண விலாங்குக்கு நூற்றுப்பத்து வாக்கில் இருக்கும். ஆகவே புது இனம் என்று எழுதி, அதற்குத் தம் தகப்பனார் பெயரை வைத்தார். எங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகளில் பாட்டனார் பெயருக்குக் கீழே அந்த லத்தீன் பெயரும் அச்சாகும். என் பேத்தி சஹானாவின் பத்திரிகை அப்போதுதான் வந்திருந்தது.

அவர் ஃபார்மலினில் போட்டிருந்தால் மரபணு சிதைந்திருக்கும். மட்டமான காரியம் செய்யாதவர். உயர்ந்த ஸ்பிரிட்டில் வைத்திருந்தார். அறுபத்திரண்டு வருஷம் கழித்து, நகத்தளவு சதையே ஜெயலக்ஷ்மியின் மரபணுச் சோதனைக்குப் போதுமானதாக இருந்தது.

"என்ன மேடம், விலாங்குக்கு எக்ஸ்ரே எடுத்தீங்களாமே. எந்தக் கால்ல முறிவு?" என்றான் ரங்கா.

"வால்லப்பா. குட்டியா இருக்கும்போதே ஏதோ கடிச்சிட்டுப் போயிருக்கு. ஆறி மழுங்கிடுச்சு." என் பக்கம் திரும்பினாள். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க அப்பா எண்ணினது சரிதான். வால்தான் இல்ல. டிஎன்ஏவும் சாதாரண விலாங்குன்னே சொல்லுது. திங்கட்கிழமை பேப்பரை அனுப்பிடுவேன்."

"கல்யாணம் முடியட்டுமே, அம்மா," என்றேன்.

"விலாங்குக்கா சார்?" என்றார் கோதண்டராமன். மூவரும் சிரித்தார்கள்.

பன்னிரண்டரைக்கு அவரும் ரங்காவும் சிவாஜிநகர் பஸ்ஸுக்குப் போனார்கள். ஜெயலக்ஷ்மி விலாங்கை அதன் அலமாரியில் வைக்க உள்ளறைக்குப் போனாள். அதற்கு ஜன்னல் கிடையாது. சனிக்கிழமை ஒரு மணிக்கு மெயின் சுவிட்சை அணைத்து உள்ளறையைப் பூட்டுவது முப்பது வருஷ வழக்கம். பூட்டுமுன் "உள்ளே யாராவது?" என்று மூன்று முறை கேட்பேன். அன்று கேட்கவில்லை.

சற்று நேரத்தில் கண்ணாடி உடையும் சத்தம் வந்தது. இருட்டில் அவள் கை பட்டு ஃபார்மலின் ஜாடி ஏதோ விழுந்திருக்க வேண்டும். கதவிடுக்கில் நெடி வந்ததும் துண்டால் மூக்கை மூடிக்கொண்டு, பெஞ்சை வராந்தாப் பக்கம் நகர்த்திப் போட்டு உட்கார்ந்தேன். அவள் மேஜையிலிருந்த கட்டுரையும் எக்ஸ்ரேயும் என் மடியில் இருந்தன. மூன்று மணிக்குமேல் அமைதியாயிற்று. குடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். நான் அவளைத் தொடக்கூட இல்லை, இன்ஸ்பெக்டர்.

கல்யாணம் குறைவில்லாமல் நடந்தது.

எனக்குக் காது மந்தம், அவள் கதவைத் தட்டியது கேட்டிருக்காது என்று கல்லூரியில் பேசிக்கொள்கிறார்களாம். என் மகன் ரகுராமும் அப்படித்தான் உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறான். அது பொய். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் காது மந்தம் கிடையாது.